தானமும் ஆராய்ச்சியும்

கோப்பாயிற் பிறந்த சபாபதி நாவலர் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவைப் பெற்றவர். 1899ஆம் ஆண்டிலே 'திராவிடப் பிரகாசிகை'யை வெளியிட்டவர். நல்லூர் ஆறுமுக நாவலர் பரிமேலழகருரையை அச்சேற்றுதற்கு இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் பொருளுதவினார். மடமும் சமஸ்தானமுமே அக்காலத்து ஆராய்ச்சி நிதியங்கள்.

பலனை இச்சித்துச் செய்யும் அறம் பசு புண்ணியமென்றும், அது போகத்தைத் தந்து கழிந்துவிடும், ஞானத்துக்கு ஏதுவாகாது என்றும் சைவ சித்தாந்திகள் கூறுவர். சமூகவியலாளனுக்கு இன்று வழங்கப்படும் கொடை எவ்வகையைச் சார்ந்தது? விண்ணப்பப் படிவத்திலே 'எதிர்பார்க்கப்படும் பெறுபேறுகள்' என்றொரு கட்டம் உண்டு. ஜனங்களிடம் ஒரு வினாவேனும் கேட்குமுன்னரே அதில் விடையை எழுதிவிட வேண்டும்! யுத்தம், மீள்குடியேற்றம் என்று விஷயத்தையும் பல வேளைகளிற் கொடையாளரே நிர்ணயித்துவிடுகின்றனர்.

உள்ளூர்க் கொடையாளரோ இன்னும் கடினம். 1968இல் மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுப்பிய சாதிக் கேள்வியை இன்று நம் கோயில் வாயில்களில் நின்று ஒருவன் விசாரிக்கப் புறப்பட்டால், தேர்த்திருப்பணிக்கு இலட்சக்கணக்கில் அள்ளிக் கொடுக்கும் தனவந்தர், அத்தேரின் வடத்தைத் தொட யார் யாருக்கு அனுமதி என்று ஆராய்பவனுக்கு ஒரு சதமும் ஈயார்.

கோப்பாயின் அயலூராகிய திருநெல்வேலியில் 1974 முதற் பல்கலைக்கழகம் இயங்கிவருகிறது. கடல்கடந்து வாழும் கோப்பாய் அன்பர்கள், திருவிழா உபயத்தில் ஒரு பங்கை அங்குள்ள சமூகவியல் மாணாக்கருக்கு ஒதுக்கி, அறிக்கை அச்சேறும்வரை அதனைப் பார்க்கக் கேளாதிருப்பாராக.