கூப்பிடு தூரம்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக் கவுண்டியின் வடக்கு விளிம்பில் குரோமர் என்று ஓர் ஊர். நார்விச்சில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரலாம். 8,000க்கும் குறைவான மக்கள். கரைமேட்டில் விக்டோரியா காலத்து விடுதிகள், அவற்றுக்கு நடுவே 160 அடி உயரத் தேவாலயக் கோபுரம், கீழே கடலுக்குள் சுமார் 500 அடி நீண்டு நிற்கும் கடற்பாலம். 1901இல் திறந்த பாலம் அது. கோடையில் பிள்ளைகள் அதன் ஓரமாகக் குப்புறப் படுத்துக்கொண்டு, நூலில் மீன்துண்டைக் கட்டிக் கீழே இறக்கி நண்டு பிடிப்பார்கள். பிடித்ததை வாளியில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். சாப்பிடும் நண்டு வேறு. அது விசைப்படகுகளில் வந்து ஊருக்குள் கடைகளில் விலையாகும். குரோமர் நண்டு என்றால் இங்கிலாந்து முழுக்கத் தெரியும்.

பாலத்தின் வழியே நடந்தால் முதலில் ஒரு நாடக அரங்கு. பாட்டு, நடனம், மாயவித்தை, கோமாளித்தனம் எல்லாம் கலந்த பழைய பாணிக் கடற்கரை நிகழ்ச்சி கோடை முழுவதும் அங்கே நடக்கும். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் பலவற்றிலும் இருந்த வழக்கம், இன்று அரிதாகிவிட்டது. அரங்கைச் சுற்றிக்கொண்டு இன்னும் சில எட்டு வைத்தால் பாலத்தின் நுனி. அங்கே உயிர்காப்புப் படகு நிற்கும் கொட்டகை. அழைப்பு வந்தால் சரிவுப் பாதையில் வழுக்கி இறங்கி, நுரையைக் கிளப்பிக்கொண்டு படகு கடலில் விழும். சுவருக்கு இந்தப் பக்கம் சிரிப்பு, அந்தப் பக்கம் உயிராபத்து. இரண்டையும் ஒரே பாலத்தில் கட்டியவர்கள் இடவசதியைத் தவிர வேறெதையும் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஊரைப் பற்றி எனக்குப் புரிந்தது எல்லாம் இந்த இரண்டு கட்டடங்களின் அண்மையிலிருந்துதான் தொடங்குகிறது.

சின்ன ஊர்களில் அன்பு நிரம்பி வழியும் என்று பெருநகரத்தில் இருப்பவர்கள் நம்புவது வழக்கம். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. வம்பும் இருக்கும், பழைய பகையும் இருக்கும். தேநீர்ப் பந்தலை யார் நடத்துவது என்பதில் பத்தாண்டுச் சண்டைகள் இருக்கும். ஆனாலும் ஆண்டு முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. மே மாதத்தில் பக்கத்து ஊரான ஷெரிங்கமோடு சேர்ந்து நண்டுத் திருவிழா. ஆகஸ்டில் ஒரு வாரம் கார்னிவல்: ஊர்வலம், வேடம் கட்டிய வண்டிகள், கார்னிவல் ராணி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேடம் போட்டுக்கொண்டு வடகடலுக்குள் ஓடிக் குளிப்பது. வடகடல் டிசம்பரில் எப்படி இருக்கும் என்று கணுக்கால் வரை இறங்கிப் பார்த்தவன் என்ற முறையில், அந்தக் குளியலை நான் கரையிலிருந்தே ஆதரிக்கிறேன்.

வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு இவை வேடிக்கை. உள்ளூர்க்காரருக்கு வேலை. தெருவை அடைக்க அனுமதி வாங்குவது, காப்பீடு எடுப்பது, நாற்காலி போடுவது, முதலுதவிக்கு ஆள் பார்ப்பது, உண்டியல் குலுக்குவது, மறுநாள் காலையில் குப்பை பொறுக்குவது. நாள் முழுக்கக் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிற என்னைப் போன்றவருக்கு அந்த ஊரில் ஒருவரோடும் உறவு உண்டாவதில்லை. சேர்ந்து மேசை தூக்கிய இரண்டு பேருக்கு உண்டாகிறது. ஒற்றுமை இருப்பதால் விழா எடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது அதை நேர்மாறாகத்தான் பார்க்கிறேன்: விழா எடுக்கத் தெரிந்துகொண்டதால், ஒருவரையொருவர் அவ்வளவாகப் பிடிக்காதவர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்யப் பழகிவிடுகிறார்கள். யாரிடம் கயிறு இருக்கிறது, யாரிடம் வேன் இருக்கிறது, சொன்ன நேரத்துக்கு வருபவர் யார், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர் யார் என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும். புயல் நாளில் தேவைப்படுவது இந்த அறிவு.

அந்தப் புயல் நாளுக்குக் குரோமரில் ஒரு பெயர் உண்டு: ஹென்றி பிளாக். கடலைப் பார்த்தபடி அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது. அவர் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கிறது. 1876இல் பிறந்தவர். நண்டு பிடித்துப் பிழைத்தவர். கோடையில் கடற்கரையில் சாய்வு நாற்காலி வாடகைக்கு விட்டவர். 1894இல் 18 வயதில் உயிர்காப்புப் படகில் சேர்ந்தார். 1909இல் அதன் தலைவரானார், 1947இல் 71 வயதில்தான் இறங்கினார். 53 ஆண்டுகளில் 387 முறை படகு கிளம்பியது. 873 பேர் உயிரோடு கரை சேர்ந்தார்கள். உயிர்காப்புப் படகு நிறுவனம் அளிக்கும் தங்கப் பதக்கம் மூன்று முறை, வெள்ளி நான்கு முறை. அவருக்கு நீந்தத் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள்.

வீரரைப் பற்றிப் பேசும்போது கயிறு இழுத்தவர்கள் கதையிலிருந்து நழுவிவிடுவார்கள். முதல் தங்கப் பதக்கம் கிடைத்த 1917 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் போர்முனையில்; படகில் இருந்தவர்களின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. துடுப்புப் படகு. முதலில் ஒரு கிரேக்கக் கப்பலிலிருந்து 16 பேரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தக் களைப்பு ஆறுவதற்குள் ஃபெர்னெபோ என்ற ஸ்வீடன் கப்பல் கண்ணிவெடியில் சிக்கி இரண்டாகப் பிளந்தது. மறுபடி கிளம்பினார்கள். அலை அடித்துத் திருப்பியது, துடுப்புகள் முறிந்தன. கரைக்கு வந்து வேறு துடுப்புகளோடு திரும்பப் போய் 11 பேரைக் கொண்டுவந்தார்கள். படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டவர்கள் யார்? இடுப்பளவு அலையில் நின்று, அடித்துக்கொண்டு போகப்பட்டவர்களைப் பிடித்து இழுத்தவர்கள் யார்? ஊராரும், அங்கே முகாமிட்டிருந்த சிப்பாய்களும். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிலை இல்லை.

இந்தப் படகுகளை நடத்துவது அரசு அல்ல. ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன் என்ற அறநிறுவனம். 1824இல் தொடங்கியது, இரு நூற்றாண்டுகளில் 1,40,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. செலவில் பெரும்பகுதி பொதுமக்கள் போடும் காசு. கார்னிவலில் குலுங்கும் உண்டியலும் அதில் அடக்கம். படகில் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். முன்பு மீனவர்களே நிறைந்திருந்தார்கள். இப்போது புதிதாகச் சேர்பவர்களில் கடல் தொழிலிலிருந்து வருபவர் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் ஆசிரியர், குழாய் வேலைக்காரர், கடைக்காரர், அலுவலக ஊழியர். முன்பெல்லாம் ஆபத்தென்றால் வானில் வெடி விடுவார்கள். ஊரே நிமிர்ந்து பார்க்கும். பிறகு பேஜர் வந்தது. மற்ற இடங்களில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட அந்தக் கருவி இந்த ஊர்களில் இன்னமும் இடுப்பில் தொங்கும். அது அலறினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

ஓடிப் போய்ச் சேர முடிய வேண்டும். தைரியமும் நல்ல உள்ளமும் எவ்வளவு இருந்தாலும் வீடு இருபது மைல் தள்ளி இருந்தால் பயனில்லை. சில நிமிடங்களில் கொட்டகையை எட்டக்கூடிய தொலைவில் வசிப்பதும் வேலை பார்ப்பதும் அடிப்படைத் தகுதி. இந்த ஒரு விதிதான் என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. ஏனென்றால் நான் உறவு என்று எண்ணியிருந்தது எதுவும் இந்த விதிக்குள் வரவில்லை.

நான் இருப்பது கடலில்லாத ஓர் ஆங்கில நகரம். சொந்தக்காரர்கள் சென்னையில், டொரன்டோவில், சிங்கப்பூரில். நாள்தோறும் குழுவில் பேசுகிறோம். காலை வணக்கம் வருகிறது, பிறந்தநாளுக்குக் குரல் வருகிறது, இறப்புக்கு அழுகை வருகிறது. அதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் நடு இரவில் எனக்கு நெஞ்சு வலித்தால் பத்து நிமிடத்தில் என் வாசலில் நிற்கக்கூடியவர் யார்? ஆம்புலன்ஸ் வரும், சரி. கதவைத் திறப்பவர் யார்? இந்த நாட்டில் மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கும் பழக்கம் உண்டு. என்னுடைய மாற்றுச் சாவி அலுவலகத்தில், என் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. என்னுடைய சாவியை நானே எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

மவுஸ்ஹோல் என்ற ஊரைப் பற்றிப் படித்தபோது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. நாட்டின் மறு மூலையில், கார்ன்வாலில் இருக்கும் சின்னத் துறைமுகக் கிராமம். 1981 டிசம்பர் 19. யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பல், அதன் முதல் பயணத்திலேயே எந்திரம் நின்றுபோய்ச் சூறாவளிக் காற்றில் பாறைக்கரையை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தது. கப்பலில் எட்டுப் பேர்; அதில் தலைவரின் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். அழைப்புக் கேட்டுக் கொட்டகைக்கு வந்தவர்களிலிருந்து படகுத் தலைவர் ட்ரெவல்யன் ரிச்சர்ட்ஸ் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார். ஒரு தகப்பனை ஏற்றிக்கொண்டு அவர் மகனைத் திருப்பி அனுப்பினார். அப்படியொரு இரவில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப்போக மறுத்துவிட்டார். நான்கு பேரைக் கப்பலிலிருந்து எடுத்துவிட்டதாகப் படகிலிருந்து வானொலியில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. கப்பலில் எட்டு, படகில் எட்டு, மொத்தம் 16 பேர் போனார்கள்.

ஒரு நாளுக்குள் புதிய படகுக்குழு அமைக்கப் போதுமான ஆட்கள் அந்தக் கிராமத்திலிருந்து முன்வந்தார்கள். திருப்பி அனுப்பப்பட்ட அந்த மகன் பின்னாளில் அதே நிலையத்தில் படகுத் தலைவரானார்.

மவுஸ்ஹோல் தன் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பேர்போன ஊர். துறைமுகத்தைச் சுற்றி அலங்காரம் செய்யும் வழக்கம் 1963இலிருந்து இருக்கிறது. 1981இல் விளக்கை ஏற்றிவைத்த விடுதிக்காரர் இரண்டு நாள் கழித்து அந்தப் படகில் இறந்தார். ஊர் விளக்குகள் அணைந்து கிடந்தன. மூன்றாம் நாள், பழுது பார்த்து மறுபடி ஏற்றச் சொன்னது அவருடைய மனைவி. இன்றும் டிசம்பர் 19 அன்று இரவு ஒரு மணி நேரம் அலங்கார விளக்குகளை அணைக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்துக்காக ஏற்றிய விளக்குதான்; சாவைச் சொல்லவும் அவர்களுக்கு வேறு மொழி தேவைப்படவில்லை. ஊர் விழாவை வெட்டிப்பொழுது என்று ஒதுக்குகிறவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது இந்த ஊர்களுக்கு வந்திருக்கும் சோதனை கடலிலிருந்து வரவில்லை. வீட்டு விலையிலிருந்து வந்திருக்கிறது. கடல் தெரியும் வீடுகளை லண்டன் பணம் விடுமுறைக்கென்று வாங்கிப் போடுகிறது. கோடையில் வாசலெங்கும் கார். பிப்ரவரியில் தெரு முழுக்க இருட்டு. ஓய்வு பெற்றவர்கள் வந்து குடியேறுகிறார்கள். குரோமர் அமைந்துள்ள நார்த் நார்ஃபோக் மாவட்டத்தில் 65 வயதைக் கடந்தவர்கள் 33.5 சதவீதம் என்று 2021 கணக்கெடுப்பு சொல்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் இதுவே மிக அதிகம். தேநீர்ப் பந்தல்களும் தேவாலய மணிகளும் பழைய பொருள் கடைகளும் இவர்கள் தயவில்தான் ஓடுகின்றன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேஜர் அலறும்போது படகில் ஏற முப்பது வயதுக்காரர் வேண்டும். அவருக்கோ கொட்டகைக்குப் பக்கத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை.

கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊர் 2016இல் வாக்கெடுப்பு நடத்தியது. புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாக வசிப்பவரே இருக்க வேண்டும் என்பதற்கு வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் சம்மதம் சொன்னார்கள். பழைய வீடுகளை வாங்க யாருக்கும் தடையில்லை என்பதுதான் அதிலிருந்த ஓட்டை. 2025 ஏப்ரலிலிருந்து இரண்டாம் வீட்டுக்கு இரட்டிப்பு உள்ளூர் வரி போட இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் வந்திருக்கிறது. கடற்கரையில் இரண்டாவது வீடு வாங்கக்கூடியவருக்கு இரட்டை வரி ஒரு தடையா என்பது எனக்குச் சந்தேகம்தான். விடுமுறைக்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. உண்டியலில் அவர்கள்தான் பெரிய நோட்டாகப் போடுவார்கள். ஆனால் நோட்டு படகைத் தள்ளாது. இந்த வீடுகளைப் பற்றிய பேச்சு எப்போதும் அழகு, பாரம்பரியம், சுற்றுலா என்றே போகிறது. இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் ஓடி வரக்கூடிய தொலைவில் தூங்குகிறார்கள் என்ற கணக்கில் அதைப் பேசினால் வாதம் வேறு மாதிரி இருக்கும்.

வந்தேறிகளை இந்த ஊர்கள் லேசில் ஏற்றுக்கொள்வதில்லை என்பது உண்மை. மூன்று தலைமுறை கல்லறையில் கிடந்தால்தான் உள்ளூர்க்காரன் என்று கேலியாகச் சொல்வதுண்டு. ஆனால் படகுக் கொட்டகையில் தாத்தா பெயரைக் கேட்பதில்லை. எவ்வளவு பக்கத்தில் இருக்கிறாய், பயிற்சிக்கு வருவாயா என்றுதான் கேட்கிறார்கள். கார்னிவல் குழுவிலும் ஏறத்தாழ அப்படித்தான். சனிக்கிழமை ஆறு மணிக்கு ஏணி பிடிக்க வருகிறவர் எந்த நாட்டில் பிறந்தார் என்பது ஏழாவது சனிக்கிழமைக்குள் மறந்துவிடும்.

படகில் போகிறவர் ஏழெட்டுப் பேர். அவர்களைப் போக விடுகிறவர்கள் அதைவிட அதிகம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவருடைய தட்டை மூடி வைப்பவர், தூங்கும் பிள்ளைக்குத் துணையாகப் பக்கத்து வீட்டிலிருந்து வந்து உட்கார்பவர், வேலை நேரத்தில் ஓடிய ஊழியரின் சம்பளத்தில் கை வைக்காத முதலாளி. முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் படகுக்குழுவில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பேஜர் கத்தியதும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவர் பாலத்தை நோக்கி ஓடுவார். நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருக்கும். அவர் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து, கடைக் கதவைச் சாத்தி, அடுத்து வருகிறவர்களுக்கு விவரம் சொல்லிக்கொண்டு, சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். குரோமரில் எனக்கு ஓர் இடம் கிடைக்குமென்றால், அந்த நாற்காலியைத்தான் கேட்பேன்.