சீசன் என்றால் என்ன?



தபசு காலத்து முதல் ஞாயிறன்று ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, “சாமி, இப்போ கோவில் சீசனா?” என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விபூதிப் புதனன்று வாசல் வரைக்கும் நின்ற கூட்டத்தை அவன் பார்த்திருக்கிறான். அதற்கு முந்தின ஞாயிறு காலியாய்க் கிடந்த பின்வரிசைகளையும் பார்த்திருக்கிறான்.

இங்கிலீஷ் சொல்லானாலும் அது நம்மிடம் குடியேறி வெகுகாலமாயிற்று. சாரல் விழுந்தால் குற்றாலத்தில் சீசன். சித்திரை வைகாசியில் மாம்பழ சீசன். தினந்தோறும் ரயிலில் வேலைக்குப் போகிறவர் பையில் சீசன் டிக்கெட். (அதைத் தேதி தப்பாமல் புதுப்பிக்கிற நம்மவர்கள் கடைசியாய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தது எப்போது என்று நான் கேட்கப் போவதில்லை.)

ஆசாரிமாரும் இதே சொல்லைச் சொல்லுவார்கள். நம் கோவிலின் பின்கதவைப் பார்த்திருப்பீர்கள். திருநாளுக்குள் முடிய வேண்டுமென்று அவசரப்படுத்தினவன் நான்தான். “மரம் இன்னும் சீசன் ஆகலை சாமி, ஈரம் வத்தணும்” என்று ஆசாரி சொன்னார், நான் கேட்கவில்லை. கோடை வந்ததும் பலகைகள் சுருங்கின. இன்று அந்த இடுக்கில் விரல் நுழையும். குற்றம் ஆசாரியுடையதல்ல.

இச்சொல்லின் வேரோ லத்தீன் பாஷையில் விதைப்பைக் குறிக்கும். நாம் பழத்தையும் அருவியையும் நினைக்கிறோம். ஏதாவது கிடைக்கிற காலமே நமக்குச் சீசன். ஆதியிலோ அது கையிலிருப்பதை மண்ணுக்குள் போடுகிற காலம். நம் விவசாயிகள் அதைப் பட்டம் என்பார்கள். ஆடிப்பட்டத்தைத் தவறவிட்டவன் தை மாதம் அரிவாளை எடுத்துக்கொண்டு எங்கே போவான்?

நம் தாயாகிய திருச்சபையும் பட்டம் குறித்துக் கொடுத்திருக்கிறது. புத்தி விவரம் அறிந்த ஒவ்வொரு விசுவாசியும் வருஷத்துக்கு ஒரு தரமாவது பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்குக் காலத்தில் திவ்விய நற்கருணை உட்கொள்ள வேண்டுமென்று 1215-ம் ஆண்டு கூடிய நாலாம் லாத்தரன் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. ஒரு தரமாவது என்றால் அதற்குக் குறையக்கூடாது என்று அர்த்தம். சிலர் அதற்கு மிஞ்சக்கூடாது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்! அந்த ஒரு தரத்தையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. அத்திமரத்தின் உவமையில் தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறான். அந்த வருஷத்தில் மரம் காய்த்ததா என்று லூக்காஸ் சுவிசேஷகர் எழுதவில்லை.

முன்பு நானிருந்த பங்கில் ஒரு பெரியவர், ஒரு வரப்புத் தகராறினால் கூடப்பிறந்த தம்பியோடு பல வருஷம் பேசாதிருந்தார். கோவிலுக்கும் வருவதில்லை. வழியில் கண்டு புத்தி சொன்னேன். “அதுக்கும் ஒரு காலம் வரும் சாமி” என்றார். அப்படியானால் தபசு காலத்தில் வீட்டுக்கே வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டேன். இடையில் ஒருநாள் போயிருக்கலாம். திருநாள் வேலை, கணக்கு வேலை என்று இருந்துவிட்டேன்.

தபசு காலத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது விடியற்காலையில் ஆள் வந்தது. அவஸ்தைப்பூசுதல் தைலத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். முற்றத்தில் நின்றவர்கள், “காலமாயிட்டார் சாமி” என்றார்கள். தம்பி உள்ளே வரலாமா, கூடாதா என்று தெரியாமல் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். சர்வேசுரனுடைய இரக்கத்துக்கு அளவில்லை. அந்த ஆத்துமத்தை அதற்கே ஒப்புவித்திருக்கிறேன். ஆனால் காலம் வரட்டுமென்று காத்திருந்தது அவர் மட்டுமல்லவே.

வருகிற சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 8 மணி வரை நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். நடக்க முடியாதவர்களும், இத்தனை வருஷத்துக்குப் பிறகு எப்படி வருவது என்று கூசுகிறவர்களும் ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கே நான் வருகிறேன்.

உங்கள் பங்குச் சாமியார்