எதை விடுவது, யாருக்காக விடுவது

துறவிக்கும், சின்னத் திரை வைத்த கருவிக்கு லினக்ஸ் தேர்ந்தெடுக்கிறவனுக்கும் கேள்வி ஒன்றுதான்: எது இல்லாமல் காலம் தள்ளலாம்? நான் இரண்டாவது ஜாதி. நாகர்கோவில்காரன், திருவனந்தபுரத்தில் காரியவட்டம் பக்கம் வேலை. இப்போது பெஞ்சில் கிடப்பது கிளினிக்குகளுக்கான டோக்கன் போர்டு. 4.3 அங்குலத் திரை, 128 எம்பி ராம். டாக்டர் பெயரும் எண்ணும் மலையாளத்தில் மட்டுமின்றித் தமிழிலும் வர வேண்டும். பாறசாலைப் பக்கம் போனால் இரண்டும் வேண்டியிருக்கிறது.

வழி இரண்டு. டெபியன் போல முழு அமைப்பொன்றை எடுத்து, வேண்டாததை ஒவ்வொன்றாகக் கழிப்பது ஒன்று. வெறுமையில் தொடங்கி, தன் தேவையை நிரூபித்ததை மட்டும் உள்ளே விடுவது மற்றது. லினக்ஸ் இமேஜைக் கட்டித் தரும் பில்ட்ரூட் இந்த வகை. முதல் வழி எனக்கு ஒத்துவராது. கழிக்கப் புகுந்தவனுக்கு முடிவே கிடையாது. ஒரு பேக்கேஜைத் தூக்கப் போனால் இன்னொன்று வந்து கையைப் பிடிக்கும். தூக்கிய பிறகும் உள்ளே என்ன மிச்சம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

பில்ட்ரூட்டிலும் ஒரு விசித்திரம் உண்டு. மெனுகான்ஃபிக்கில் ஒன்றைத் தேர்ந்து பில்ட் செய்துவிட்டீர்கள். பிறகு வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிட்டு மறுபடி மேக் கொடுக்கிறீர்கள். அது போகாது. அதன் கோப்புகள் டார்கெட்டில் அப்படியே கிடக்கும். மேக் கிளீன் கொடுத்து முதலிலிருந்து கட்டினால்தான் தொலையும். கையேடே இதைச் சொல்கிறது. ஆசையை விட்ட பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வாசனை என்பார்களே, அதை இத்தனை தெளிவாக எந்த உபந்நியாசத்திலும் நான் கேட்டதில்லை. போக வேண்டுமானால் மறுபிறவிதான். பழைய லேப்டாப்பில் அதற்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆகும்.

பிஸிபாக்ஸை அத்வைதிகள் ஒருமுறை பார்க்க வேண்டும். 1990-களின் நடுவில் டெபியனின் நிறுவல் ஃபிளாப்பிக்காக புரூஸ் பெரன்ஸ் எழுதியது. எல்எஸ், சிபி, மவுன்ட் என்று நூற்றுக்கணக்கில் கட்டளைகள் தெரியும். பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கோப்பைச் சுட்டும் இணைப்புகள். எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள் என்று பார்த்து, அந்த ஒரு நிரலே அந்த வேலையாக மாறிக்கொள்கிறது.

ஆனால் இந்த எளிமைப் பெருமையில் கொஞ்சம் பொய்யும் கலந்திருக்கிறது. கருவிக்குள் போகும் இமேஜ் சில பத்து எம்பிதான். அதைக் கட்டும் கணினியைப் பாருங்கள். இதே வேலையைச் செய்யும் யோக்டோ என்றால் பல பத்து ஜிபி காலியிடம் வேண்டும். பில்ட்ரூட் அதைவிட அடக்கம், ஆனாலும் ஜிபி கணக்குதான். கம்பைலர் கருவியில் இல்லை, என் மேசையில் இருக்கிறது. எங்காவது ஓட்டை தெரிந்தால் அதை அடைக்க யாரோ கண்விழிக்கிறார். திருவோட்டுச் சோறு இல்லறத்தான் அடுப்பில்தான் வேகிறது. குறளில் இல்லறவியல் முன்னும் துறவறவியல் பின்னும் நிற்பது சும்மா இல்லை.

அப்படியானால் எதுவரை கழிப்பது? எனக்குக் கிடைத்த பதில் அலுவலகத்துக்குச் சில கிலோமீட்டரில், செம்பழந்தியில் பிறந்தவரிடமிருந்து. ஸ்ரீ நாராயண குரு தமிழ் கற்றவர், தமிழிலும் பதிகம் பாடியவர். தைக்காட்டு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார். எங்கள் ஊர்ப்பக்கத்து மருத்துவாழ்மலைக் குகையில் தவமிருந்தார். 1888-இல் அருவிப்புறத்தில் நெய்யாற்றுக் கல்லொன்றை எடுத்துச் சிவனாக நிறுவினார். பின்னால் காரமுக்கில் சிலைக்குப் பதில் விளக்கை வைத்தார். முருக்கும்புழையில் சத்தியம், தர்மம், தயை முதலான சொற்கள். 1927-இல் களவங்கோடத்தில் ஒரு கண்ணாடி.

குறைந்துகொண்டே வந்தது என்று இதைச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: கருவறையை அவர் ஒருபோதும் காலியாக விடவில்லை. அத்வைதத்துக்கு வெறும் சுவரே போதும். வந்து நிற்கிறவருக்குப் போதாதே! மற்ற கோயில்களில் உள்ளே விடப்படாதவர்கள் வந்து நின்ற இடங்கள் அவை. எவ்வளவு விட்டார் என்பதல்ல, யார் எதிரில் நிற்கிறார் என்பதே அவருடைய கணக்கு.

திரைக்கும் அதே கணக்குதான். சாளரங்களை நிர்வகிக்கும் எக்ஸ் வேண்டாம், வேலண்ட் வேண்டாம், டெஸ்க்டாப் வேண்டவே வேண்டாம். ஒரே அப்ளிகேஷன் நேராகக் கர்னலைப் பிடித்துத் திரையில் வரைந்தால் போதும். அடுத்து, எழுத்துகளைக் கோத்துக் கொடுக்கும் ஹார்ஃப்பஸ். ஆங்கிலம் அது இல்லாமலும் ஓடிவிடும். எழுத்துகளை இடமிருந்து வலமாக அடுக்கினால் தீர்ந்தது. அதனால்தான் சிக்கனம் பார்க்கிறவர்கள் முதலில் இதில் கை வைக்கிறார்கள். தமிழில் என்ன ஆகும்? 'கே' நினைவகத்தில் ககரம் முதலிலும் இரட்டைக்கொம்பு அடுத்ததாகவும் இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இடம் மாற்ற ஆளில்லாவிட்டால் கொம்பு அடுத்த எழுத்தின் முன் போய் நிற்கும். டாக்டர் கேசவன், டாக்டர் கசேவன் ஆகிவிடுவார். மலையாளத்தில் கூட்டெழுத்துகள் உடைந்து சந்திரக்கலைகளாகச் சிதறும். உலகம் மினிமல் என்று சொல்வது பல சமயம் ஆங்கிலம் படிக்கிறவரை நிறுத்திவைத்து எடுத்த அளவு.

ஆகவே என் தேர்வு: பில்ட்ரூட், பிஸிபாக்ஸ், கூடவே ஹார்ஃப்பஸ். இடம் போதவில்லையென்றால் பூட் ஆகும்போது சுழலும் கம்பெனி லோகோவை எடுங்கள். ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாளக் குழு, தமிழுக்கென்று மீரா இனிமை என்ற எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. கருவி செய்கிறவர்கள் அதையும் சேர்த்தே அனுப்புங்கள்.