சுடாத பீரங்கி

1853 ஜூலை 8. அமெரிக்கக் கடற்படைத் தளபதி மேத்யூ பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் ஜப்பானின் எடோ விரிகுடாவின் முகப்பில், உராகாவுக்கு எதிரே நங்கூரமிட்டார். அவற்றில் இரண்டு நீராவிக் கப்பல்கள். அந்நியர் நாகசாகிக்குத்தான் செல்ல வேண்டும் என்றனர் ஷோகுன் ஆட்சியின் அதிகாரிகள். பெர்ரி மறுத்தார். தம் அதிபரின் கடிதத்தை வாங்காவிட்டால் படையுடன் கரையிறங்கிக் கொடுப்பதாகச் சொன்னார். கடிதம் ஏற்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச் 31-இல் கனகாவா உடன்படிக்கை கையெழுத்தானது. போர் மூளவில்லை. இரத்தம் சிந்தாமல் கிடைத்ததாலேயே அதை இசைவு என்று சொல்லிவிடலாமா?

பெர்ரியின் பக்கத்து நியாயத்தை மறைக்கக் கூடாது. ஜப்பானியக் கரையில் ஒதுங்கிய அமெரிக்க மாலுமிகள் சிறைபட்டிருக்கிறார்கள். 1837-இல் ஜப்பானியர் சிலரையே ஊர்சேர்க்க வந்த மாரிசன் என்ற கப்பலையும் கரைப் பீரங்கிகள் விரட்டியடித்தன. கடலில் தத்தளித்து வந்தவனுக்குத் தண்ணீரும் நிழலும் மறுக்க எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை. அதை உறுதியோடு கேட்டது பிழையாகாது.

ஆனால் அந்தக் கோரிக்கையோடு வாணிகமும் சேர்ந்து வந்தது. உயிர்காப்பது கடமை, கொள்வதும் விற்பதும் அவரவர் விருப்பம். கடமையை வற்புறுத்தலாம். விருப்பத்தை வற்புறுத்தினால் அது விருப்பமாக எஞ்சாது. கனகாவா உடன்படிக்கையால் ஷிமோடா, ஹகோடாடே துறைமுகங்கள் திறந்தன. மாலுமிகளுக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. வாணிகத்துக்கு வழிவிட்ட 1858-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ, தன் சுங்கவரியைத் தானே முடிவுசெய்யும் உரிமையையும், தன் மண்ணில் குற்றம் செய்த அமெரிக்கரை விசாரிக்கும் உரிமையையும் ஜப்பான் இழந்தது. சுங்க உரிமை முழுதாக மீள்வதற்கு 1911 ஆயிற்று.

பின்னாளில் ஜப்பான் செழித்ததே என்பார்கள். அந்தச் செழிப்பு அம்மக்களின் உழைப்பில் விளைந்தது. விளைவைக் கொண்டு வழியை நியாயப்படுத்துவதானால் எல்லா விளைவையும் கணக்கில் எழுத வேண்டும். 1875-இல் ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று கொரியாவின் கங்வா தீவருகே சென்று மோதியது. மறு ஆண்டே ஜப்பான் படைபலத்தைக் காட்டிக் கொரியத் துறைமுகங்களைத் திறக்கவைத்தது. தன் குடிமக்களைக் கொரிய நீதிமன்றங்கள் தொடக்கூடாது என்றும் எழுதி வாங்கியது. தான் பட்ட அவமானத்தையே அது அண்டை நாட்டின் மேல் இறக்கியது.

பெர்ரிக்கு முன்பே, 1846-இல், ஜேம்ஸ் பிடில் என்ற அமெரிக்கத் தளபதி இரண்டு கப்பல்களுடன் இதே விரிகுடாவுக்கு வந்தார். முடியாது என்று பதில் வந்ததும் திரும்பிச் சென்றார். அவரைத் தோற்றவராகவே பலரும் எண்ணுகிறார்கள். அறத்தின் கண்ணுக்கு அவர் தோற்றவர் அல்லர். 'முடியாது' என்ற சொல்லை ஏற்றுத் திரும்பத் தெரிந்தவரிடம் சொல்லும் 'சரி' மட்டுமே மனமொப்பிச் சொன்னதாகும்.