ஹூஸ்டனில் ஒரு ரமலான்

1995ஆம் ஆண்டு பிப்ரவரி பிறந்தபோது ரமலான் மாதமும் பிறந்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து சீசன் பாதியைத் தாண்டி, ஆட்டக்காரர்களின் முழங்கால்கள் ஓய்வுக்குக் கெஞ்சத் தொடங்கும் காலம் அது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஏழடி உயர சென்டர் ஹக்கீம் ஒலாஜுவான் அந்த மாதம் நோன்பிருந்தே ஆடினார். விடியலுக்கு முன் சஹருக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும். அதன்பின் சூரியன் மறையும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் கிடையாது. பயிற்சி உண்டு, விமானப் பயணம் உண்டு, ஆட்டமும் உண்டு. மாதம் முடிந்ததும் பிப்ரவரியின் சிறந்த ஆட்டக்காரராக என்.பி.ஏ. அறிவித்தது அவரைத்தான்.

இந்தச் செய்தி முப்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு முடிவையும் சேர்த்தே சொல்வார்கள்: நோன்பு அவரைத் தளரச் செய்யவில்லை, வலுப்படுத்தியது, இறைவன் தனக்காகப் பசித்திருந்தவனைக் கைவிடவில்லை. நல்ல மனத்தோடு சொல்லப்படும் முடிவுதான். ஆனால் அது நோன்பை உயர்த்துகிறதா, தாழ்த்துகிறதா? அந்த விருது இன்னொருவருக்குப் போயிருந்தால் நோன்பு வீணாகியிருக்குமா?

ஒலாஜுவான் 1963இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். சிறுவயதில் அவர் விரும்பி ஆடியவை ஹேண்ட்பாலும் கால்பந்தும். கால்பந்தில் கோல் காத்தவர். பின்னாளில் அவ்வளவு உயரமான உடம்பு அவ்வளவு நளினமாகக் காலை மாற்றி வைப்பதைப் பார்த்து வியந்தவர்கள், அந்தப் பழைய பயிற்சியைத்தான் காரணமாகச் சொன்னார்கள். 1980இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1984இல் முதல் ஆளாக ராக்கெட்ஸ் அவரை எடுத்தது. மைக்கேல் ஜோர்டான் அதே டிராஃப்டில் மூன்றாவது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்திருந்தாலும், அமெரிக்காவில் கழித்த முதல் ஆண்டுகளில் மார்க்கத்திலிருந்து சற்று விலகியே இருந்தார். பிறகு தேடிக் கற்று, தொழுகைக்கும் நோன்புக்கும் திரும்பினார். 1993-94 சீசனில் ராக்கெட்ஸ் முதல்முறையாகக் கோப்பை வென்றபோது, சீசனின் மதிப்புமிக்க ஆட்டக்காரர், சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்ற மூன்று விருதுகளும் அவருக்கே வந்தன. ஒரே சீசனில் இந்த மூன்றையும் பெற்றவர் வேறு யாரும் இல்லை.

அதற்கு அடுத்த சீசனின் ரமலான்தான் இந்தக் கதையில் வருவது.

நோன்பு எல்லோர் தலையிலும் ஒரே கனத்தில் வைக்கப்பட்ட சுமை அல்ல. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான பகராவிலேயே நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. விட்ட நாட்களை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம். என்.பி.ஏ. சீசனில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள். அவற்றில் பாதி வெளியூரில். பயணி என்ற சொல்லுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் குறைவு. அந்தச் சலுகையைக் காட்டி ஒலாஜுவான் நோன்பைக் கோடைக்குத் தள்ளிவைத்திருக்கலாம். அதைக் குறை சொல்ல மார்க்க அறிஞர்களுக்கும் இடமிருந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு ரமலான் குளிர்காலத்தில் வந்தது. பிப்ரவரியில் ஹூஸ்டனில் மாலை ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். சொந்த ஊரின் இரவு ஆட்டங்களுக்கு முன்பே நோன்பு திறந்துவிடலாம். உண்மையான சோதனை, தொலைக்காட்சிக்காக வார இறுதிகளில் வைக்கப்படும் பகல் ஆட்டங்கள். ஓய்வு வேளைகளில் மற்றவர்கள் தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்துக் குடிக்க, ஒலாஜுவான் வாயை நனைக்காமல் உட்கார்ந்திருப்பார். பசியைவிடத் தாகம் கொடியது என்பது, சித்திரை வெயிலில் நோன்பு பிடித்த எவருக்கும் தெரியும். வியர்த்துக் கொட்டும் ஏழடி உடம்புக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. அந்த உடம்பு அவருக்கு மட்டும் சொந்தமா? அணி அதற்குச் சம்பளம் தருகிறது. பதினோரு சக ஆட்டக்காரர்களின் உழைப்பு அதை நம்பி நிற்கிறது. தன் நம்பிக்கைக்காக ஒருவர் பட்டினி கிடந்து, அதனால் அணி தோற்றால், அந்தப் பக்திக்கான விலையை மற்றவர்கள் கொடுக்கிறார்கள் அல்லவா?

விளையாட்டு வரலாற்றில் இந்தக் கேள்விக்கு வேறு விதமாகப் பதில் சொன்னவர்கள் உண்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிடல், ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று தன்னுடைய நூறு மீட்டர் ஓட்டத்தையே விட்டுக்கொடுத்தார். 1965இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் சாண்டி கூஃபாக்ஸ், யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூரில் விழுந்த உலகத் தொடரின் முதல் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீச மறுத்தார். அணி அன்று தோற்றது. இருவரும் களத்திலிருந்து விலகி நின்று தங்கள் கடமையைச் செய்தார்கள். ஒலாஜுவான் விலகவில்லை. இறைவனுக்குரியதை இறைவனுக்கும் அணிக்குரியதை அணிக்கும் ஒரே பகலில், ஒரே உடம்பால் கொடுக்க முயன்றார். இந்த வழியில் சவால் அதிகம். விலகி நிற்பவர் தோல்விக்கு நேரடிப் பொறுப்பாவதில்லை. நோன்போடு ஆடுகிறவரின் ஒவ்வொரு தவறிய வீச்சுக்கும் நோன்பைக் காரணம் காட்ட ஊர் காத்திருக்கும்.

லிடலையும் கூஃபாக்ஸையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. லிடல் சில நாட்கள் கழித்து நானூறு மீட்டரில் தங்கம் வென்றார். கூஃபாக்ஸ் ஏழாவது ஆட்டத்தில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்காமல் தொடரை வென்று தந்தார். வென்றவர்களின் விரதம்தான் கதையாகிறது. கொள்கைக்காக விட்டுக்கொடுத்துவிட்டு அதன்பின் எதையும் வெல்லாமல் போனவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. விருதுகளால் நோன்பை அளப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது அவர்களைப் பற்றித்தான்.

ராக்கெட்ஸின் அந்தச் சீசனோ, அப்படி அளப்பதற்கு இடமே கொடுக்காத சீசன். பிப்ரவரி நடுவில், உயரத்தையும் வலிமையையும் தந்த ஓட்டிஸ் தோர்ப்பைக் கொடுத்து, ஒலாஜுவானின் கல்லூரித் தோழர் க்ளைட் டிரெக்ஸ்லரைப் போர்ட்லண்ட் அணியிடமிருந்து வாங்கினார்கள். அதன்பின் வெற்றியும் தோல்வியும் ஏறக்குறையச் சரிபாதி. வசந்தம் வந்தபோது ஒலாஜுவானுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை. சில ஆட்டங்களில் வெளியே உட்கார நேர்ந்தது. பிப்ரவரி விருதை நோன்பின் பலன் என்பவர், இந்த ரத்தசோகையை நோன்பின் கேடு என்று சொல்லும் எதிராளிக்கு என்ன பதில் சொல்வார்? ஒன்றுக்குப் பின் ஒன்று வந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. இந்த விதி பக்தருக்கும் பொருந்தும், சந்தேகிக்கும் மனிதருக்கும் பொருந்தும்.

82 ஆட்டங்களின் முடிவில் 47 வெற்றி, 35 தோல்வி. மேற்குப் பிரிவில் ஆறாம் இடம். நடப்புச் சாம்பியன் என்ற மரியாதையைத் தவிர எதிர்பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றுகள் தொடங்கியதும் நடந்தது வேறு. முதலில் 60 ஆட்டங்கள் வென்றிருந்த யூட்டா ஜாஸ் வீழ்ந்தது. அடுத்து 59 வென்றிருந்த ஃபீனிக்ஸ் சன்ஸிடம் 1-3 என்று பின்தங்கிய ராக்கெட்ஸ், மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது; கடைசி ஆட்டத்தில் ஏழு நொடி மிச்சமிருக்க மாரியோ எலி மூலையிலிருந்து எறிந்த மூன்று புள்ளி வீச்சு முடிவைத் தீர்மானித்தது. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

பிறகு சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். லீகிலேயே அதிகமாக 62 வெற்றி. அந்த அணியின் சென்டர் டேவிட் ராபின்சனுக்கு அந்தச் சீசனின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. தொடரின் இரண்டாம் ஆட்டத்துக்கு முன், சொந்த ரசிகர்கள் நடுவில், ஒலாஜுவானின் கண்ணெதிரே ராபின்சனுக்கு அந்தக் கோப்பை வழங்கப்பட்டது. அன்றிரவு ஒலாஜுவான் 41 புள்ளிகள் எடுத்தார். ஒரு பக்கம் தோளைச் சாய்த்து, எதிராளி துள்ளியதும் மறுபக்கம் திரும்பி, அவர் மீண்டும் துள்ளக் காத்திருந்து, கடைசியில் ஆளே இல்லாத இடத்திலிருந்து பந்தைப் போடும் அவருடைய ‘ட்ரீம் ஷேக்’ அசைவு, அந்தத் தொடரில் ராபின்சனைத் திணறடித்தது. ஆறு ஆட்டங்களில் சராசரியாக 35 புள்ளிகளுக்கு மேல். ஸ்பர்ஸ் வெளியேறியது.

ராபின்சன் யார் என்பதில்தான் இந்தக் கதையின் கனம் இருக்கிறது. அவர் 1991இல் கிறிஸ்துவிடம் தன்னை முழுமையாக ஒப்படைத்தவர். வேதத்தை ஊன்றிப் படித்தவர். கடற்படை அகாடமியில் பயின்ற ஒழுக்கத்தைக் களத்திலும் வெளியிலும் கடைப்பிடித்தவர். பின்னர் 2001இல் சான் அன்டோனியோவின் ஏழைக் குழந்தைகளுக்காக, மனைவியோடு சேர்ந்து பல லட்சம் டாலர் கொடுத்து, கார்வர் அகாடமி என்ற பள்ளியைத் தொடங்கினார். தோற்ற ஃபீனிக்ஸ் அணியின் ஏ.சி. கிரீனும் தன் கிறிஸ்தவ நம்பிக்கைக்காகவே பெயர் பெற்றவர். ஒலாஜுவான் வென்றது அவருடைய இறைவன் கைகொடுத்ததால் என்றால், ராபின்சனின் ஜெபம் எங்கே போயிற்று? இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் ஆறு ஆட்டத் தொடரில் தீர்ப்புச் சொல்லப்பட்டதா? இப்படி நினைப்பது ராபின்சனுக்கு மட்டும் அல்ல, ஒலாஜுவானுக்கும் செய்யும் அவமரியாதை. ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைத்துக் கற்ற கால் அசைவை அவரிடமிருந்து பிடுங்கி வேறொரு கணக்கில் எழுதுவதாகிவிடும்.

இறுதித் தொடரில் ஷகீல் ஓ'நீலின் ஒர்லாண்டோ மேஜிக். முதல் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஒர்லாண்டோவின் நிக் ஆண்டர்சன் நான்கு ஃப்ரீ த்ரோக்களைத் தொடர்ந்து தவறவிட்டார். ஒன்று விழுந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கலாம். ராக்கெட்ஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ஒலாஜுவான் கடைசியாகத் தட்டிப் போட்ட பந்தில் வென்றது. தொடர் 4-0. ஆறாம் இடத்திலிருந்து கோப்பை வரை வந்த ஒரே அணி இன்றும் அதுதான். ரமலான் மார்ச் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டிருந்தது; கோப்பை கைக்கு வந்தது ஜூன் 14 அன்று.

அந்த இரண்டு கோப்பைகளையும் ராக்கெட்ஸ் வென்ற காலத்தில் அதன் வீடு சம்மிட் என்ற அரங்கம். 2003இல் அணி புது அரங்கத்துக்கு இடம் மாறியது. பழைய அரங்கம் 2005இல் போதகர் ஜோயல் ஆஸ்டீனின் லேக்வுட் சர்ச்சாகத் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் மிகப் பெரிய திருச்சபைகளில் ஒன்று. நம்பிக்கை உள்ளவருக்கு வளமும் வெற்றியும் வந்து சேரும் என்கிற செழிப்பு போதனையின் முகமாக விமர்சகர்கள் அவரைக் காண்கிறார்கள். அந்த அடையாளத்தை அவர் ஏற்பதில்லை. எப்படியிருந்தாலும் அந்தப் போதனைக்குப் பெரிய ஈர்ப்பு உண்டு. நோயிலும் கடனிலும் தவிப்பவர் அதைப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் அது தோற்றவரிடம் கொடுமையாக நடந்துகொள்கிறது: உன் நம்பிக்கை போதவில்லை என்கிறது.

நோன்பு பற்றிய இஸ்லாமிய மரபின் பார்வை இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. தொழுகையை ஊர் பார்க்கும், தானத்தை வாங்கியவர் பார்ப்பார்; நோன்பை இறைவனைத் தவிர யாரும் உறுதிப்படுத்த முடியாது. அதனாலேயே அதற்குத் தனி இடம். மனத்துக்குள் வைக்கும் நிய்யத் என்ற உறுதியில் தொடங்கி, யாருக்கும் தெரியாமல் ஒரு மிடறு குடித்தாலே உடைந்துவிடக்கூடியது அது. அதன் நோக்கமாக பகரா அத்தியாயம் சொல்வது இறையச்சத்தை. புள்ளிகளோ விருதோ அதில் எங்கும் இல்லை. அணிக்குத் தன் பசியால் குறை வரக் கூடாது என்று ஒலாஜுவான் உழைத்தது அணிக்கான கடமை. பசித்திருந்தது வேறொரு கடமை. ஒன்றை மற்றொன்றுக்கு விலையாக அவர் வைக்கவில்லை என்பதே போற்றத்தக்கது.

அதன்பின் வந்த ஆண்டுகளிலும் ரமலான் வந்தது, நோன்பும் தொடர்ந்தது. 1996இல் சியாட்டில் அணியிடம் ராக்கெட்ஸ் 0-4 என்று தோற்றது. 1997இல் யூட்டாவின் ஜான் ஸ்டாக்டன் கடைசி நொடியில் எறிந்த பந்தில் இறுதித் தொடர் வாய்ப்பு போயிற்று. கோப்பை அதன்பின் ஒலாஜுவான் கைக்கு வரவே இல்லை.

அதே லீகில், அதே காலத்தில், அதே மாதத்தில் நோன்பிருந்தவர் டென்வர் அணியின் மஹ்மூத் அப்துல் ரவூஃப். அபாரமான வீச்சாளர். 1996 மார்ச்சில், தேசியகீதத்துக்கு எழுந்து நிற்பது தன் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று மறுத்ததற்காக என்.பி.ஏ. அவரை இடைநீக்கம் செய்தது. ஓர் ஆட்டத்துக்குப் பின், எழுந்து நின்று தலைகுனிந்து பிரார்த்தனை செய்வது என்று சமரசம் ஏற்பட்டது. அந்தக் கோடையிலேயே டென்வர் அவரைச் சாக்ரமென்டோவுக்கு அனுப்பியது. அங்கே ஆடும் நேரம் சுருங்கியது. சில ஆண்டுகளில் என்.பி.ஏ. வாழ்க்கையே முடிந்தது. ரமலானில் ஊக்கக் கதை சொல்பவர்கள் ஒலாஜுவானோடு அவரையும் சேர்த்துச் சொல்லலாம். அவர் விட்டுக்கொடுத்ததற்கு எந்த மாதத்தின் விருதும் வரவில்லை.