விலை கொடுப்பவர் யார்?

ஒரு பொருள் எப்போது பழையதாகிறது? கிழிந்த பாயையும் ஓட்டை விழுந்த குடத்தையும் பழையன என்று கண்ணால் கண்டே சொல்லிவிடுகிறோம். ஆனால் வீட்டு மேசைமேல் இருக்கும் கணினி? திரையில் கீறல் இல்லை. தட்டினால் எழுத்து விழுகிறது. ஆயினும், "இதன் காலம் முடிந்தது, புதியது வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர், பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். வாடகைக்கும் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் போக எஞ்சுவதை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு இது வெறும் வாணிபக் கணக்கன்று. அறநெறி சார்ந்த வினாவே.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, எளியோர் இல்லங்கள் பலவற்றுள் கணினி முதன்முறையாக அடியெடுத்து வைத்தது. அக்கருவிகளும், பின்னர்ச் சிறுகச் சேமித்து வாங்கப்பட்டவையும் இன்று முதுமை எய்தி நிற்கின்றன. அவற்றை அப்படியே வைத்திருப்பதா, சீர்செய்வதா, மாற்றுவதா?

இத்தகைய நடைமுறை வினாக்களுக்கு உரிய பண்பை விவேகம் என்றனர் மெய்யியலார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய தாமஸ் அக்குவினாஸ், விவேகத்திற்கு மூன்று செயல்கள் உண்டு என்கிறார்: கலந்தெண்ணுதல், தீர்ப்பிடுதல், தீர்ந்ததைச் செய்யுமாறு தனக்குத்தானே கட்டளையிடுதல். இம்மூன்றையும் நம் கணினியின்மேல் வைத்துப் பார்ப்போம்.

முதலில் எண்ணுதல். 'பழையது' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, உறுப்பின் தளர்ச்சி. கணினி மெதுவாக இயங்கினால் முழுக் கருவியையும் குறை கூறுகிறோம். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி ஹார்டு டிஸ்க் எனும் வன்தட்டே. அதனுள் தட்டு சுழல, ஒரு சிறு முனை அங்குமிங்கும் நகர்ந்து செய்தியைத் தேடுகிறது. ராம் எனும் நினைவகம் போதாதபோது, கணினி தன் சுமையை அந்தத் தட்டின்மேலேயே இறக்குகிறது, தாமதம் இரட்டிப்பாகிறது. அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை அதன் இடத்தில் பொருத்தினால், பத்தாண்டுக் கணினியும் புத்துயிர் பெறுவதுண்டு. அதற்கான செலவு புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே. ஆயினும் 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை மிகவும் ஏறியதால், விலையை விசாரித்த பின்னரே முடிவு செய்தல் நன்று.

இரண்டாவது, துணையை இழத்தல். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்க்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என மைக்ரோசாப்ட் அறிவித்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் குறிப்பிட்ட செயலிகளையும் கேட்கிறது. ஆகவே உடல்நலத்தோடு இருக்கும் கருவிகள் பல, இயங்கியவாறே கைவிடப்பட்டன. இது அவற்றின் பழுதன்று. ஆனால் அதன் விளைவு மெய்யானது. பாதுகாப்பு நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நம் ஆசையின் மாற்றம். அண்டை வீட்டில் புதியது வந்த மறுநாளே நம்முடையது பழையதாகிவிடுகிறது. இதற்கு எந்தக் கடையிலும் உதிரிப்பாகம் கிடையாது.

அடுத்தது தீர்ப்பு. இங்குத்தான் நாம் இடறுகிறோம். 'எவ்வளவு விலை?' என்பதோடு நம் கேள்வி நின்றுவிடுகிறது. 'அந்த விலையைக் கொடுப்பவர் யார்?' என்று நாம் கேட்பதில்லை.

புதியது வாங்கத் தவணைக் கடன் எடுத்தால், அதை அடைப்பது பெரும்பாலும் தாயின் மறுக்கப்பட்ட தேவைகளே. பழையதை வீசினால் அதற்கும் விலை உண்டு. 2022-ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் 2024 அறிக்கை கூறுகிறது. டெல்லியின் சீலம்பூரிலும் உத்தரப்பிரதேசத்தின் முராதாபாத்திலும் ஏழைத் தொழிலாளர் கம்பிகளை எரித்துச் செம்பு எடுத்து, அப்புகையைச் சுவாசித்திருக்கின்றனர். நாம் வீசியதன் விலையில் ஒரு பங்கை அவர்தம் நுரையீரல் செலுத்துகிறது.

அப்படியானால் மாற்றாமல் இருப்பதே அறமா? அதுவும் அன்று. சிக்கனத்திற்கும் விலை உண்டு. வணிகவியல் பயிலும் மகள் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். பாடப்பணியை முடிக்க அமர்கிறாள், கணினி நடுவே உறைந்து நிற்கிறது, எழுதியது அழிகிறது, நள்ளிரவு கடக்கிறது. தந்தையோ, 'இன்னும் ஓராண்டு ஓட்டலாம்' என்று தம் சிக்கனத்தை மெச்சிக்கொள்கிறார். அவர் சேமித்த பணத்தை அவள் தன் உறக்கத்தால் செலுத்துகிறாள். பிறர் செலவில் நடத்தப்படும் சிக்கனத்தை நற்பண்பு என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, அனைவர்மீதும் விழும் சுமை எவ்வழியில் குறைவோ அவ்வழியே நல்வழி. கடிதம் எழுதவும் இணையத்தில் படிக்கவும் மட்டுமே கணினி வேண்டுமெனில், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்று போதும். ஆனால் டேலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோசுக்கென அமைந்தது. அதைப் பயில்பவளிடம் 'லினக்சே போதும்' என்பது சரியான விடையாகாது. எஸ்.எஸ்.டி.யும் நினைவகமும் மாற்றினால் அவள் படிப்பு முடியும்வரை தாங்குமா, தன் பாதுகாப்பைக் காத்துக்கொள்ளுமா என்று அறிந்தவரிடம் கேட்க வேண்டும். தாங்குமெனில் மாற்றுக, தாங்காதெனில் அப்பணத்தையும் பழுதுபார்ப்பில் இழக்காமல், புதிதாகவோ பிறர் பயன்படுத்திய நல்ல நிலையிலோ ஒன்றை வாங்குக. பழையதை முறையாகப் பெற்றுக்கொள்ளும் மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்குக.

இறுதியாகக் கட்டளை. இதுவே மூன்றனுள் முதன்மையானது என்கிறார் அக்குவினாஸ். எண்ணியும் தீர்ப்பிட்டும் செய்யாதிருப்பவன் விவேகியாகான். 'பார்க்கலாம்' என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்திற்கும் வீட்டில் யாரோ ஒருவர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

எனவே வீட்டார் அனைவரும் ஒரு மாலை அமர்ந்து, வரவையும் செலவையும் மறைக்காமல் பேசட்டும். பணம் தருபவர் மட்டுமன்று, அக்கருவியின்முன் நாள்தோறும் அமர்பவரும் பேசட்டும். அவரே முதலில் பேசட்டும். பிறகு ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் முடிவைச் செயல்படுத்துவோமாக.