கைக்கு வேலை கொடுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணைச் சுற்றி முதல் வாரத்திலேயே ஒரு வேலி எழும்பிவிடுகிறது. அந்தக் கையால் குடம் தூக்காதே, துணி பிழியாதே, மாவு பிசையாதே, பேரப்பிள்ளையை வாங்காதே. சொல்கிறவர்கள் எல்லாரும் அவர்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். மருத்துவமனையில் கேட்டது பாதி, அக்கம்பக்கத்தில் கேட்டது பாதி எனச் சேர்ந்து, ஒரு முழுக் கை அவரிடமிருந்து மெல்ல வாங்கப்பட்டுவிடுகிறது. வேறு சில வீடுகளில் தையல் பிரித்த மறுநாளே அடுப்பும் துணி மூட்டையும் பழையபடி அவர் தலையில் விழும். அதைக் கொடுமை என்று சொல்லிவிடலாம், சொல்லவும் வேண்டும். முதல் வீட்டில் நடப்பதுதான் கண்ணுக்குப் படாது. அங்கே தவறு அன்பாக வருகிறது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த கட்டுரை, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது என்று கணித்தது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தொடங்கும். பல ஆண்டுகள் கழித்தும் வருவதுண்டு. மோதிரம் கழலாது, வளையல் மணிக்கட்டில் தடம் பதிக்கும், ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிக்கும். மாலையில் கனக்கிறது, தூங்கி எழுந்தால் வடிந்துவிடுகிறது என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். பார்த்தவர்கள் யானைக்கால் நோயா என்று கேட்டுவிடுவார்களோ என்று சேலைத் தலைப்புக்குள் மறைப்பவர்களும் உண்டு. புற்றுநோயையே தாங்கிய மனம் இந்தக் கேள்விக்குக் கூசுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

கை ஏன் வீங்குகிறது? ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் ஒரு பகுதியையும், அதில் கலந்த புரதத்தையும், நிணநீர்க் குழாய்கள் திரட்டிக் கழுத்தடியில் மீண்டும் ரத்தத்தில் சேர்க்கின்றன. கையிலிருந்து வரும் நிணநீர் பெரும்பாலும் அக்குள் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே உள்ள நிணநீர்க் கணுக்களான நெறிகளுக்குப் புற்று பரவியிருக்கலாம் என்பதால் அறுவையில் அவற்றை எடுக்கிறார்கள். கதிர்வீச்சு பட்ட இடத்தில் எஞ்சிய பாதையும் தழும்பேறிச் சுருங்கும். மடை அடைபட்ட வயல்போலக் கையில் நீர் தேங்குகிறது. தேங்கிய புரதம் மேலும் நீரை இழுக்கிறது. நாளானால் தோலுக்கடியில் நாரும் கொழுப்பும் சேர்ந்து கை கெட்டிப்படுகிறது. சாதாரண வீக்கத்துக்குத் தரும் நீர் மாத்திரை இங்கே பயன்படாததற்கும் காரணம் இதுதான். நீர் போனாலும் புரதம் அங்கேயே நிற்கும்.

இந்த உடற்கூறில் என்னை நிறுத்திவைத்த செய்தி ஒன்று உண்டு. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு தனி விசை இல்லை. அதன் குழாய்கள் தாமாகச் சுருங்கி விரியும், உள்ளே சிறு சிறு தடுப்பிதழ்கள் நீரைப் பின்வாங்கவிடாமல் பிடிக்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் மூச்சும் தசையும் செய்கிற வேலை. விரல் மடங்கும்போது, முழங்கை நீளும்போது, நெஞ்சு விரியும்போது அந்த நீர் மேலே நகர்கிறது. அசையாத கையில் அது நகர்வதற்கு வழி குறைவு. கையைக் காப்பாற்றுவதாக எண்ணி அதை மடியில் கிடத்திவைத்தால், மிச்சமிருக்கும் பாதைக்கும் துணை இல்லாமல் போகிறது.

அந்தக் கையைக் காக்கக் கற்றுக்கொள்ள மருத்துவத்துக்கும் வெகுகாலம் பிடித்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் விவரித்த அறுவை முறையில் மார்பகம், அதன் அடியிலுள்ள தசைகள், அக்குள் நெறிகள் எல்லாம் சேர்த்து எடுக்கப்பட்டன. முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பெண்கள் அந்தக் கத்தியின் கீழ் படுத்தார்கள். பின்னால் வரும் கை வீக்கத்தைப் பற்றி 1921இல் ஹால்ஸ்டெட்டே எழுதினார். அக்குளை முழுவதும் சுத்தம் செய்யாமல், புற்று முதலில் எட்டக்கூடிய நெறியை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை 1990களில்தான் மார்பகப் புற்றுநோய்க்கு வந்தது. நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் 20 சதவீதத்தினருக்கு வரும் வீக்கம், அந்த முறையில் 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கியதை முன்சொன்ன 2013 கட்டுரையே காட்டுகிறது. நம் நாட்டில் பல பெண்கள் நோய் முற்றிய பிறகே வருவதால் அந்தச் சலுகை அவர்களுக்குக் கிட்டாமல் போகிறது. சீக்கிரம் காட்டியிருந்தால் உயிர் மட்டுமல்ல, கையும் தப்பியிருக்கும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வேலியை முதலில் தட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் கனடாவின் வான்கூவரில் விளையாட்டு மருத்துவராக இருந்த டான் மெக்கென்சி. 1996இல் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றினார். இருபது பேர் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, முரசின் அடிக்குத் துடுப்பு போடும் சீன மரபுப் படகு அது. எந்த அசைவு கூடவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவந்தார்களோ, தோளும் கையும் சேர்ந்து திரும்பத் திரும்பப் பலமாக இழுக்கும் அதே அசைவை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் பலம் சேர்த்தார்கள். பிறகு தண்ணீருக்குப் போனார்கள். பருவம் முடிந்தபோது ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், எதையும் நிரூபிக்கப் போதாது. ஆனால் அந்தப் பெண்கள் படகைவிட்டு இறங்கவில்லை. அவர்களைப் பார்த்து நாடு நாடாகக் குழுக்கள் கிளம்பின. 2018இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் ஆயிரக்கணக்கானோர் துடுப்போடு கூடினார்கள்.

நிரூபணத்துக்கு நெருக்கமானது 2009இல் வந்தது. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் ஓராண்டு வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். மிகக் குறைந்த எடையில் தொடங்கி, பொறுத்துப் பொறுத்துக் கூட்டினார்கள், பயிற்சியின்போது கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்தார்கள். எடை தூக்கியதால் வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரெனத் தீவிரமாவது மற்றவர்களில் 29 சதவீதம், இவர்களில் 14 சதவீதம். கூடாது என்று சொல்லப்பட்ட வேலைதான் கையைப் பாதுகாத்திருக்கிறது.

அந்தக் கையில் ஊசி போடாதே, ரத்த அழுத்தம் பார்க்காதே என்பதைப் பற்றியும் 2016இல் பாஸ்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஊசிக்கும் ரத்த அழுத்தப் பட்டைக்கும் விமானப் பயணத்துக்கும் வீக்கத்தோடு தொடர்பு தெரியவில்லை. அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தல், அங்கே கதிர்வீச்சு, உடல் பருமன், தோலில் கிருமித் தொற்று ஆகியவற்றுக்குத் தெரிந்தது. மறு கையை நீட்ட முடிந்தால் நீட்டட்டும், தவறில்லை. ஆனால் ஊசிக்கு நடுங்கியபடியே கையில் உறையில்லாமல் முள்வேலி கட்டுவதையும் சூட்டுக் காயத்தைக் கவனிக்காமல் விடுவதையும் யாரும் தடுப்பதில்லை. பயம் தவறான இடத்தில் காவல் நிற்கிறது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு நான் வந்து சேர்ந்த இடம் இது. எடுத்த நெறி திரும்ப முளைப்பதில்லை. அந்தக் கை பழைய கையாக ஆகப்போவதுமில்லை. அதற்கு நாம் கொடுக்கக்கூடிய காவல் ஒன்றுதான்: அதனுடைய சொந்த பலம். பலத்தை மகளோ மருமகளோ வாங்கித் தர முடியாது; அவரே தூக்கித் தூக்கித்தான் சேர்க்க வேண்டும். அவருக்காக எல்லா வேலையையும் நாம் செய்யும்போது, அவர் சேர்த்திருக்க வேண்டிய பலத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். மீண்டவரை நோயாளியாகவே வைத்திருக்கும் அன்பைவிட, சிறிது சிறிதாக அவரை நம்பும் அன்புக்குத் துணிச்சல் அதிகம் வேண்டும். அதைத்தான் அவர் நம்மிடம் எதிர்பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அறுவைக்கு முன்பே இரு கைகளின் சுற்றளவையும் அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பும் நாளில் பிசியோதெரபிஸ்டைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். எந்தப் பயிற்சியை எப்போது தொடங்குவது, எடையை எப்படிக் கூட்டுவது என்று அவரிடம் கேளுங்கள். வீக்கத்துக்குச் சூடான ஒத்தடம் கொடுத்து எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். நிணநீரை வடியவைக்கும் தடவல் இறகுபோல் மென்மையானது, பயின்றவர்தான் கற்றுத்தர வேண்டும். வளையல் இறுகினால் அந்த வாரமே காட்டுங்கள். தொடக்கத்தில் பிடித்தால் அழுத்த உறைக்கும் பயிற்சிக்கும் வீக்கம் நன்றாகவே கேட்கும். கை சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.